மாத்திரையா, கைராசியா?

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கும் என் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) வயது 66. அப்பச்சி (அப்பா) போய் இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் எப்படியோ சமாளித்துவிட்டார். போன வருடக் கடைசியில்தான் மோசமானது. சாப்பாடு இறங்கவில்லை, எட்டு கிலோ இளைத்தார், விடியற்காலம் மூன்று மணிக்கே எழுந்து பட்டாலையில் உட்கார்ந்திருப்பார், பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவுப் பிள்ளையாரில் ஏற்றிய திரி) எடுத்துக்கொள்ளக்கூட எழுந்து வரவில்லை. ஜனவரியில் டாக்டர் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை 10 மில்லிகிராம் எழுதினார். ஏப்ரல் வாக்கில் பழைய ஆத்தாவாகிவிட்டார், இப்போது உட்கார்ந்து கைமுறுக்குச் சுற்றுகிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பி, "இதெல்லாம் வெறும் பிளாசிபோ, மாவு மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, அடிமையாவதற்குள் நிறுத்து" என்கிறார். நிறுத்துகிறோம் என்று சொன்னால் ஆத்தா பயந்துவிடுவார். அதனால் அதே அளவில் வெள்ளையாக இருக்கும் வைட்டமின் மாத்திரை ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். டப்பாவில் சொல்லாமல் மாற்றி வைத்துவிடலாமா? ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் எக்கோஸ்பிரினும் (ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின்) சாப்பிடுகிறார். (பெயர் வேண்டாம், காரைக்குடி)

பதில்: மாற்றி வைக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி மாத்திரை கொடுக்கும் நேரத்துக்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். உங்கள் அண்ணன் அனுப்பியதை முழுப் பொய் என்று தள்ளவும் எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வெளியே சத்தமாகச் சொல்வதில்லை.

மருந்தே இல்லாத மாவு மாத்திரையை மருந்தென்று நம்பிச் சாப்பிட்டாலும் தேவலையாகிறதே, அதைத்தான் பிளாசிபோ என்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: கைராசி. "அந்த டாக்டர் தொட்டாலே பாதி சரியாயிடும்" என்று சொல்கிறோமே, அதுதான். நான் இங்கே மனநல மருத்துவம் பார்க்க உட்கார்ந்து பதினேழு வருடம் ஆகிறது. அதற்கு முன் பொது மருத்துவம் பார்த்த இரண்டு வருடங்களில் "ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க" என்று கேட்காத நாள் கிடையாது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் முகம் சுருங்கும், ஊசி போட்டால் ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டே "இப்பவே தேவலை" என்பார்கள், மருந்து ரத்தத்தில் கலக்கவே நேரம் இருந்திருக்காது. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து நடந்து பஸ் ஏறிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நடிக்கவில்லை, உண்மையிலேயே தேவலையாகத்தான் இருந்தது.

மனச்சோர்வில் இந்தக் கைராசி நிறையவே வேலை செய்கிறது. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் இர்விங் கிர்ஷ் என்ற உளவியலாளர். உங்கள் அண்ணனுடைய வீடியோவும் அநேகமாக அங்கிருந்துதான் வந்திருக்கும். 2008-இல் அவரும் கூட்டாளிகளும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கம்பெனிகள் கொடுத்திருந்த 35 பரிசோதனைகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஹாமில்ட்டன் அளவுகோல் என்று ஒன்று, மொத்தம் 52 புள்ளி, அதிகமானால் சோர்வு அதிகம். மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதில் 9.6 புள்ளி இறங்கியது. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.8 இறங்கியது. இடைவெளி 1.8 மட்டும். நோயாளிக்கே வித்தியாசம் தெரிய வேண்டுமானால் குறைந்தது 3 புள்ளியாவது வேண்டும் என்று அப்போது பிரிட்டனில் ஒரு வரையறை வைத்திருந்தார்கள், அதைத் தொடவில்லை.

அதே வருடம் வந்த இன்னொரு கணக்கு எனக்கு இதைவிடக் கோபம் வரவைத்தது. மனச்சோர்வு மருந்துகள் பற்றி அந்த அமைப்பில் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னர் குழு தேடி எடுத்தது. மருந்துக்குச் சாதகமாக வந்தவை 38, அவற்றில் 37 மருத்துவ இதழ்களில் அச்சாகிவிட்டன. சாதகமாக வராதவை 36. அதில் 22 அச்சுக்கே வரவில்லை, 11 ஏதோ வெற்றி போலப் பூசி மெழுகி வெளிவந்தன, உள்ளதை உள்ளபடி சொன்னவை 3. விலை போன சரக்கை முகப்பில் அடுக்கிவிட்டு, போகாததை இரண்டாம் கட்டு அறையில் போட்டுப் பூட்டிய கதை. நான் படித்துப் பட்டம் வாங்கியது அந்த முகப்பை மட்டும் பார்த்துத்தான்.

சரி, அப்படியானால் அண்ணன் சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

ஆய்வில் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.8 புள்ளி இறங்கியதே, அது முழுவதும் மாவு செய்த வேலை இல்லை. ஆள் எப்போது டாக்டரிடம் வருகிறார்? ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான். அதற்கு மேல் ஏற இடமில்லாதபோது, ஒன்றும் செய்யாவிட்டாலும் சிலருக்குத் தானாகவே கொஞ்சம் இறங்கும். அப்புறம், ஆய்வில் சேர்ந்தவரை யாரும் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. குறித்த நாளில் கூப்பிட்டு உட்கார வைத்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனசில் என்ன ஓடுகிறது என்று ஒருவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார். வளவில் கூப்பிட்டால் எதிரொலிதான் பதில் சொல்லும் என்கிற மாதிரி ஒரு பெரிய வீட்டில், பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் ஒரு மனுஷிக்கு அப்படி ஒருவர் வந்து கேட்பது சும்மாவா? அதுவே பாதி வைத்தியம். உங்கள் ஆச்சிக்கும் (நான் அப்படியே கூப்பிடுகிறேன், நம் ஊர்ப் பழக்கம்) ஜனவரியிலிருந்து மாத்திரையோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அடிக்கடி போய் வந்திருப்பீர்கள், அண்ணன் போன் பண்ணியிருப்பார், ராத்திரி மாத்திரை சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

இன்னொன்று, சராசரி. 1.8 புள்ளி என்பது ஆளுக்கு 1.8 புள்ளி இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் நேற்றுச் சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் மழை என்று பேப்பரில் போட்டால் நம் எல்லா ஊருணியிலும் இரண்டு சென்டிமீட்டர் ஏறிவிட்டதென்றா அர்த்தம்? கானாடுகாத்தானில் கொட்டித் தீர்த்திருக்கும், தேவகோட்டையில் மண்கூட நனைந்திருக்காது. 2022-இல் அதே அமெரிக்க அமைப்பின் கையிலிருந்த 232 பரிசோதனைகள், 73,388 பேர், ஒவ்வொருவருடைய கணக்கையும் தனித்தனியாக எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். சராசரி வித்தியாசம் பழையபடி 1.75 தான், கிர்ஷ் சொன்னதுக்குப் பக்கத்திலேயே. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்ததில், சுமார் 15 சதவீதம் பேருக்கு மாவு மாத்திரையில் கிடைக்காத பெரிய பலன் மருந்தில் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது நூறு பேருக்கு எழுதினால் பதினைந்து பேர் தலையில் மழை கொட்டுகிறது. அந்தப் பதினைந்து பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு நாலு வாரம், ஆறு வாரம் பார்ப்பதுதான் வழி. எங்கள் படிப்புக்கு இது கௌரவமான விஷயம் இல்லைதான், என்ன செய்வது.

2018-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சிப்ரியானி குழு 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரை வைத்துப் பார்த்தபோதும் 21 மருந்துகளும் மாவு மாத்திரையை முந்தின, ஆனால் சராசரியில் கொஞ்சமாக முந்தின. ஆக "ஒன்றுமே இல்லை" என்பதும் தப்பு, "அற்புதம்" என்பதும் தப்பு.

அந்த ஹாமில்ட்டன் அளவுகோலையும் ஒரு பார்வை பாருங்கள், பலருக்கு இது தெரியாது. 17 கேள்விகளில் 3 தூக்கத்தைப் பற்றியவை, அதற்கு மட்டும் 6 புள்ளி. தூக்கம் வரவைக்கிற எந்த மருந்தும், மனசைத் தொடாமலேயே, இதில் ஒன்றிரண்டு புள்ளி சம்பாதித்துவிடும். மறுபக்கம், வயிற்றைக் கலக்குகிற ஒரு மருந்து மனசைத் தூக்கிவிட்டாலும் வயிற்றுக் கேள்வியில் புள்ளி இழக்கும். இதை வைத்துக்கொண்டு 1.8-ஆ 3-ஆ என்று சண்டை போடுவது, நகையை அரிசி மூட்டைத் தராசில் நிறுக்கிற மாதிரி.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். 2010-இல் வந்த ஓர் ஆய்வு, 718 பேரை வைத்து, லேசான சோர்வில் மருந்துக்கும் மாவுக்கும் இடைவெளி இல்லாத மாதிரிதான், மிகக் கடுமையான சோர்வில்தான் நன்றாகத் தெரிகிறது என்றது. பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் என் கை அனுபவம் அதோடு ஒத்துப் போகிறது. ஆள் சோர்ந்திருக்கிறார், ஆனால் சாப்பிடுகிறார், கல்யாணத்துக்குப் போகிறார், பேரனைக் கண்டால் சிரிக்கிறார் என்றால் நான் மாத்திரை எழுத அவசரப்படுவதில்லை, பேசவும் நடக்கவும்தான் சொல்வேன். உங்கள் ஆச்சி அந்த ரகம் இல்லை. எட்டு கிலோ இளைத்திருக்கிறார், மூன்று மணிக்கு விழிக்கிறார், நோன்புக்கு இழை எடுக்க எழுந்து வரவில்லை. நோன்பன்று இழை எடுக்காத ஆச்சியை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை, அந்த ஒரு வரியைப் படித்ததுமே அவருடைய டாக்டர் மாத்திரை எழுதியது சரி என்று எனக்குப் பட்டது.

அவருக்குத் தேவலையானது மருந்தாலா, கைராசியாலா, காலத்தாலா? தெரியாது. எனக்கு மட்டும் இல்லை, யாராலும் ஒரே ஒரு ஆளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் அந்தக் கேள்வியே இல்லை. ஆரம்பிக்கலாமா என்பது ஒரு கேள்வி, தேவலையான பிறகு நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி. வீடியோ முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவதற்கு ஒட்டிவிட்டது. இரண்டாவதற்குத் தனியாக ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில், பல மாதங்களாகவோ வருடங்களாகவோ மருந்து சாப்பிட்டு, நன்றாக இருந்து, நிறுத்தலாம் என்று நினைத்த 478 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு அதே மருந்து, பாதிப் பேருக்கு மெல்ல மெல்லக் குறைத்து மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, பார்த்த டாக்டருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்குள் சோர்வு திரும்பியது மருந்து தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. 2021-இல் வந்தது இது. இரண்டு பக்கமும் படியுங்கள்: நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது, அதே சமயம் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 44 பேர் அந்த ஒரு வருடமும் நன்றாகவே இருந்திருக்கிறார்கள். ஆக நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைத் திருட்டுத்தனமாகச் செய்யக்கூடாது, அவசரமாகச் செய்யக்கூடாது என்கிறேன்.

இந்த ஆய்வைக் கவனித்தீர்களா, நீங்கள் செய்ய நினைத்ததைத்தான் அவர்களும் செய்தார்கள், மாவை வைத்து மாற்றினார்கள். ஆனால் "உங்களுக்கு எது வரும் என்று தெரியாது, சம்மதமா" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கி, குறைத்துக் குறைத்து மாற்றினார்கள். நீங்கள் வாங்கிவைத்திருக்கும் வைட்டமின் பத்து மில்லிகிராமை ஒரே ராத்திரியில் பூஜ்யமாக்கிவிடும்.

அப்படி ஆனால் என்ன ஆகும்? புதுவயலில் ரைஸ் மில்லில் வேலை பார்த்த ஒருவர், நன்றாகிவிட்டேன் என்று தானாகவே நிறுத்திவிட்டு நாலாம் நாள் வந்தார். தலையைத் திருப்பினால் "தலைக்குள்ள சுருக்குனு கரண்ட் அடிக்குது" என்றார், நெல் மூட்டை அடுக்கில் ஏறினால் கிறுகிறுப்பு, ராத்திரி முழுக்கக் கெட்ட கனவு, பொண்டாட்டி மேல் காரணமில்லாத கோபம். எல்லாருக்கும் இப்படி வராது, வந்தாலும் பலருக்குச் சில நாளில் போய்விடும், சிலருக்கு வாரக் கணக்கில் இழுக்கும். சாராயத்துக்கு ஏங்குகிற மாதிரியான அடிமைத்தனம் இல்லை இது. ஆனால் உடம்பு மருந்துக்குப் பழகியிருப்பது நிஜம், அந்த மட்டில் அண்ணனின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பள்ளத்தூர் வீட்டில் 66 வயதில் ஆச்சிக்கு ராத்திரி கிறுகிறுப்பு வந்து வழவழப்பான ஆத்தங்குடித் தரையில் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று அவருக்கும் புரியாது, டாக்டருக்கும் புரியாது. டப்பாவில் மாத்திரை ஒழுங்காகக் குறைந்துகொண்டுதானே வருகிறது என்று டாக்டர் அளவைக் கூட்டி எழுதினாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

மாவு மாத்திரைக் கதையில் உங்கள் அண்ணன் கவனிக்காமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. ஸ்வீடனில், நாலு பேர் முன்னால் பேசவே நடுங்குகிறவர்கள் 46 பேருக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். உங்கள் ஆச்சி சாப்பிடுகிற அதே எஸ்சிட்டலோபிராம்தான், எல்லாருக்கும் ஒரே அளவு, ஒன்பது வாரம். ஒரு பாதிக்கு உண்மையைச் சொன்னார்கள். மறு பாதியிடம், இது பக்கவிளைவு மட்டும் தரும், பதற்றத்தைக் குறைக்காது என்று பொய் சொன்னார்கள். உண்மை தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குப் பலன் கிடைத்தது, பொய் கேட்டவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. மருந்து ஒன்றே, வாயிலிருந்து வந்த சொல்தான் வேறு. அது மனச்சோர்வு இல்லை, வேறு கோளாறு, சின்ன ஆய்வு, எல்லாம் சரி. ஆனாலும் அந்த வீடியோவை அண்ணன் நேராக ஆச்சியின் போனுக்கு அனுப்பாமல் உங்களுக்கு அனுப்பினாரே, அதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

"மூளையில் செரோட்டோனின் குறைஞ்சிடுச்சு, அதை ஏத்துறோம்" என்று டாக்டர் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். நானே பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சுருக்கமாக இருக்கும், கேட்பவருக்கும் திருப்தி. மனச்சோர்வு செரோட்டோனின் குறைவால் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. வீடியோவில் இதையும் காட்டியிருப்பார்கள். அது சரிதான், ஆனால் அதனால் மருந்து பொய்யாகிவிடாது. தலைவலிக்குத் தைலம் தடவினால் கேட்கிறது, உடம்பில் தைலம் குறைந்ததாலா தலைவலி வந்தது?

இப்போது செய்ய வேண்டியது. ஏப்ரலில் தேவலையானார் என்றால் இப்போது செப்டம்பர், ஐந்து மாதம்தான் ஆகிறது. முதல் தடவை வந்த சோர்வுக்கே, தேவலையானதிலிருந்து ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இந்த வயதில், இவ்வளவு கடுமையாக வந்தவருக்கு, நானாக இருந்தால் ஒரு வருடம் போகட்டும் என்பேன். அது முடிவது அடுத்த ஏப்ரல். நடுவில் டிசம்பர் வருகிறது, போன வருடம் அவர் விழுந்த மாதம், நோன்பும் அப்போதுதான். அதைத் தாண்டட்டும். பிறகு 5 மில்லிகிராம், அதற்கும் பிறகு இன்னும் குறைவாக, வாரக் கணக்கில் இறக்கலாம், அதை அவருடைய டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்குக் கவலைப்பட நிஜமான காரணம் வேண்டுமானால் பிளாசிபோவை விட்டுவிட்டு இந்த இரண்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். எஸ்சிட்டலோபிராம் பெரியவர்களுக்குச் சில சமயம் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். பிபி மாத்திரை நீர் பிரியவைக்கிற ரகமாக இருந்தால் இன்னும் கூடுதல் வாய்ப்பு. வழக்கமில்லாத தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் மனசு என்று நினைக்காமல் அன்றே ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஜனவரிக்குப் பிறகு சோடியம் பார்க்கவே இல்லையென்றால் இந்த வாரம் பார்த்துவிடுங்கள், சாதாரணப் பரிசோதனைதான். அடுத்தது எக்கோஸ்பிரின். இது இரண்டும் சேரும்போது வயிற்றில் ரத்தக் கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. அதோடு மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரையும் சேர்ந்தால் மோசம். நம் ஊர்ப் பெரியவர்கள் அந்த மாத்திரையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, நீங்களாகக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனால் உடனே காட்டுங்கள். இதையெல்லாம் எழுதியதைப் பார்த்துப் பயந்து எக்கோஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள், அவ்வளவுதான்.

நடுவில் எப்போதாவது "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்கிற பேச்சு திரும்ப வந்தால், பழைய புலம்பல் என்று விடாமல் அன்றே அழைத்துப் போங்கள். ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அப்புறம் ஒன்று. ஆச்சி பயந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு எழுந்து வந்திருப்பவர் அவர்தான், அவருக்கு இதில் ஓர் அபிப்பிராயம் இருக்கும். "மாத்திரை சாப்பிடறதுல உங்களுக்கு என்ன தோணுது, தொடரணும்னு நினைக்கிறீங்களா" என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது எங்கேயும் இல்லை. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அண்ணனையும் வீடியோ காலில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் ஆச்சியை முதலில் பேச விடுங்கள். அந்த வைட்டமினை என்ன செய்வது என்றால், ஆச்சியின் டப்பாவை விட்டுத் தள்ளி வையுங்கள், இரண்டும் வெள்ளை என்கிறீர்கள், கண் சரியாகத் தெரியாத வயதில் கை மாறிவிடப் போகிறது.